மொட்டைத் தட்டுல ஆர்ம் நகராம நின்னாதான் ஆன்ட்டி-ஸ்கேட் சரின்னு யார் சொன்னது?

ஊசிமுனை:
நேத்து இன்னொரு இழையில பழசு_வாங்கி சார் போட்ட பதிலைப் படிச்சதுல இருந்து மண்டை சூடாவே இருக்கு, அதான் தனியா ஆரம்பிக்கிறேன். ஒரு தம்பி கேட்டது சின்ன கேள்வி. பழைய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 டர்ன்டேபிள் கைக்கு வந்திருக்கு, தட்டோட கடைசிப் பாட்டு வர்றப்போ வலது ஸ்பீக்கர்ல மட்டும் கரகரங்குது, எங்க கை வைக்கணும்னு. தட்டு சுத்தறப்போ ஊசியைத் தாங்கற ஆர்ம் உள்பக்கமா இழுபடும், அதுதான் ஸ்கேட்டிங்; அதுக்கு எதிரா ஆர்மை வெளியே இழுக்கற செட்டிங்தான் ஆன்ட்டி-ஸ்கேட். அதுக்கு சார் சொன்னது: "பள்ளமே இல்லாத மொட்டைத் தட்டுல ஊசிய இறக்கு, ஆர்ம் உள்ளேயும் ஓடாம வெளியேயும் ஓடாம நிக்கிற வரைக்கும் ஆன்ட்டி-ஸ்கேட்டைத் திருகு, அவ்ளோதான். இதைச் செய்யாதவன் டர்ன்டேபிளைத் தொடவே கூடாது."

நான் தொடறேன் சார். மொட்டைத் தட்டு இல்லாமதான் தொடறேன். பாட்டு ஓடறப்போ ஊசி மொட்டைத் தளத்துலயா போகுது? பள்ளத்துல ரெண்டு சுவருக்கு நடுவுல போகுது, ரெண்டும் 45 டிகிரி சாய்வு. ஊசி எடை 2 கிராம் வச்சா ஒவ்வொரு சுவர் மேலயும் 1.41 கிராம் அழுத்தம், சேர்த்தா 2.83. மொட்டைத் தட்டுல அதே 2 கிராம் வெறும் 2 கிராம்தான். ஆர்மை உள்ள இழுக்கறதே உராய்வுதான், அந்த உராய்வே ரெண்டு எடத்துலயும் வேற வேறன்னா அங்க நின்னது இங்கயும் நிக்கும்னு எப்படி சொல்றீங்க?

பழசு_வாங்கி:
வாங்க விஞ்ஞானி. கேட்டவன் புதுப்பையன். அவன்கிட்ட போய் 1.41, 2.83ன்னு கணக்கு ஒப்பிச்சா அவன் மெஷினை வித்துட்டு ஓடிடுவான். எம்கே2 வந்தது 1979. ஆன்ட்டி-ஸ்கேட்டுக்குன்னு உள்ள இருக்கிற ஸ்பிரிங் இத்தனை வருஷத்துல எப்படி தளர்ந்திருக்கோ யாருக்குத் தெரியும், டயல்ல 2ன்னு காட்டும், இழுப்பு 1க்குக்கூட வராது. அந்த நம்பரை நம்பறதைவிட கண்ணால பாக்கறது மேல். தட்டுல இறக்கினா ஆர்ம் எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும். ஆர்ம் திரும்பற பேரிங் எங்கயாவது பிடிக்குதான்னுகூட தெரியும், போறப்போ ஒரு எடத்துல தயங்கி நிக்கும் பாருங்க. பழைய ஆர்மைக் கையால தொட்டு வேலை செஞ்சவனுக்கு இது புரியும்.

ஊசிமுனை:
பேரிங் பிடிக்குதான்னு பாக்கறது வேற சார், அதை நான் வேணாம்னு சொல்லல. அதுக்கு தட்டே தேவையில்ல. ஆர்ம் பின்னாடி இருக்கிற கவுண்டர்வெயிட்டை 0க்கு பேலன்ஸ் பண்ணி ஆர்மை மிதக்க விட்டு லேசா ஊதினாலே தெரிஞ்சிடும். நான் கேட்டது ஒரே கேள்வி. ஆர்ம் நிக்கணுமா, நிக்க வேணாமா? நீங்க சொன்னது "நிக்கணும்". நான் சொல்றது நிக்கவே வேணாம், மெதுவா உள்பக்கமா நகர்ந்தா போதும். இதுக்கு பதில் சொல்லுங்க, 1979, ஸ்பிரிங்குன்னு சுத்தாதீங்க.

சுத்துதட்டு:
நடுவுல வர்றதுக்கு மன்னிக்கணும். ஊசிமுனை அண்ணே, உங்க கணக்குலயே ஒரு சிக்கல் இருக்கு. பள்ளத்துல உராய்வு 1.41 மடங்கு அதிகம்னா உள்ள இழுக்கற சக்தியும் அங்க அதிகம். அப்போ மொட்டைத் தட்டுல ஆர்மை நிக்க வச்ச செட்டிங் பள்ளத்துக்குப் பத்தாது, இன்னும் ஏத்தணும். நீங்க சொல்றது தலைகீழா இருக்கே, தட்டுல உள்பக்கமா நகரட்டும்னா குறைக்கச் சொல்றீங்கன்னுதான அர்த்தம்?

பழசு_வாங்கி:
அப்படிக் கேளுங்க. நல்லா கேட்டீங்க.

ஊசிமுனை:
தம்பி, 1.41 மேல்தளமும் சுவரும் ஒரே மாதிரி உரசும்னு வச்சுகிட்டுப் போட்ட கணக்கு, அதுவே ரெண்டும் ஒண்ணு இல்லன்னு காட்டத்தான் போட்டேன். நிஜத்துல பள்ளத்துல ஊசியோட ரெண்டு பக்கவாட்டு விளிம்பு தொடுது, மொட்டைத் தட்டுல அடிமுனை மட்டும் தொடுது. அந்த அடிமுனை பாட்டு கேக்கறப்போ எதையுமே தொடக்கூடாத பாகம். கூர்மையான லைன் கான்டாக்ட் ஊசின்னா (சுவரை மெல்லிய கோடாத் தொடற வகை) அது பிளாஸ்டிக்கை உழுதுகிட்டுப் போகும், அப்போ உராய்வு ஏறும். உருண்டை முனைன்னா வேற கதை. டூயல் 1219 மெஷின்ல பாத்திருக்கீங்களா, உருண்டை ஊசிக்கு ஒரு அளவு, நீள்வட்ட ஊசிக்கு ஒரு அளவுன்னு தனித்தனியா டயல்லயே போட்டிருப்பான். ஒரே கிராம், ரெண்டு ஆன்ட்டி-ஸ்கேட். மெஷினைச் செஞ்சவனுக்கே ஊசி வடிவம் மாறினா இழுப்பு மாறும்னு தெரிஞ்சிருக்கு. அதனால மொட்டைத் தட்டு சில ஊசிக்கு அதிகமா காட்டும், சில ஊசிக்கு கம்மியா காட்டும். அளவுகோலே ஆளுக்கு ஆள் நீண்டு சுருங்கினா அதை வச்சு என்னத்தை அளக்கறது?

பழசு_வாங்கி:
அதிகமாவும் காட்டுமாம், கம்மியாவும் காட்டுமாம். எது வந்தாலும் நீங்க ஜெயிச்ச மாதிரி பேசறீங்க. வாழ்த்துக்கள்.

லென்கோ_காதலன்:
டயல் டயல்ன்னு பேசறீங்களே, என் லென்கோ எல்75ல டயலே கிடையாது. நூல்ல ஒரு சின்ன எடை தொங்கும், அதை எந்தக் காடில மாட்டறோம்கறதுதான் செட்டிங். ஸ்பிரிங் தளருமோன்னு கவலையே இல்ல, எடைக்கு வயசாகாது. நான் மொட்டைத் தட்டெல்லாம் வாங்கல, எல்பி முடிஞ்சதும் லேபிள் பக்கத்துல வெறுமையா இருக்கிற இடத்துல இறக்கிப் பாப்பேன். மெதுவா உள்ள போனா திருப்தி.

ஊசிமுனை:
பாத்தீங்களா, இவரும் "மெதுவா உள்ள போனா"ன்னுதான் சொல்றாரு. நிக்கணும்னு சொல்லல. ஆனா லென்கோ சார், அங்க வெளியேறற பள்ளம் ஒண்ணு வேகமா உள்நோக்கி ஓடுது, ஊசி அதுல மாட்டிச்சுன்னா அது இழுத்துட்டுப் போறதை ஸ்கேட்டிங்னு நினைச்சுக்குவீங்க. ரெண்டு சுத்துக்கு நடுவுல இருக்கிற வெறும் இடம்தான் கணக்கு. அப்புறம் எல்75 ஆர்ம்ல அந்த வி வடிவ ரப்பர் துண்டை மாத்தியாச்சா? அது நொறுங்கியிருந்தா ஆர்ம் உக்கார்ற இடமே ஆடும், அதுல என்ன செட் பண்ணாலும் பயனில்ல.

லென்கோ_காதலன்:
மாத்தியாச்சு, மாத்தியாச்சு. எனக்கு நினைவிருக்கு, போன தடவையும் நீங்கதான் என் எல்75 மாதிரி ஐட்லர் வீல் மெஷினெல்லாம் (மோட்டார் ரப்பர் வீல் வழியா சுத்தற வகை) இரைச்சல் பெட்டின்னு எழுதினீங்க. கேரார்ட் 301 வந்தது 50களோட தொடக்கத்துல, அதுவும் ஐட்லர்தான், ரேடியோ நிலையங்களே வருஷக்கணக்கா அதை வச்சு ஓட்டினாங்க. ரப்பர் வீலைக் கெட்டியாகாம பாத்துகிட்டு, பேரிங் எண்ணெய் சரியா இருந்தா எங்கிருந்து சார் இரைச்சல் வரும்? சொன்னதை இதுவரைக்கும் நீங்க திரும்பப் பெறல.

ஊசிமுனை:
திரும்பப் பெற என்ன இருக்கு? ஐட்லர்ல மோட்டார் அதிர்வு ரப்பர் வீல் வழியா நேரா தட்டு உக்கார்ற பிளாட்டர்க்குப் போகுது, அது அமைப்பு. பெல்ட்ல ஓடற மெஷின்னா பெல்ட் அதை உறிஞ்சிடும். நல்லா பராமரிச்சா குறையும், இல்லாமப் போகாது.

புதுஊசி:
நான்தான் அந்த கேள்வி கேட்டவன். ஊசி இருக்கிற கார்ட்ரிட்ஜ் ஆர்டோஃபோன் 2எம் ரெட், ஊசி எடை 1.8 கிராம் வச்சிருக்கேன், டயலும் 1.8லதான் இருக்கு. இப்போ ஏத்தணுமா குறைக்கணுமா?

பழசு_வாங்கி:
தம்பி, 1.8 டயல்ல இருக்கு, ஆனா வலது பக்கம் கரகரங்குது. இதுலயே பதில் இருக்கு. வலது சேனல் பள்ளத்தோட வெளிச்சுவர். ஆர்ம் உள்ள இழுபட்டா ஊசி உள்சுவர்ல சாஞ்சுக்கும், வெளிச்சுவரை விட்டுடும், வலதுல கரகர. அதாவது டயல் பொய் சொல்லுது, ஸ்பிரிங் தளர்ந்து போச்சு. நான் முதல்ல சொன்னதுதான். மொட்டைத் தட்டு வாங்குங்க, ஆர்ம் நிக்கிற வரைக்கும் ஏத்துங்க.

ஊசிமுனை:
வலது வெளிச்சுவர்ங்கறது சரி, அதை யாரும் மறுக்கல. ஆனா அதுக்கு மொட்டைத் தட்டு எதுக்கு சார்? சோதனைக்குன்னே வெட்டின டெஸ்ட் ரெக்கார்ட்ல 300 ஹெர்ட்ஸ் டோன் இருக்கும், சத்தம் படிப்படியா ஏறும். எந்த சேனல் முதல்ல கரகரன்னு உடையுதோ காதால கேளுங்க. வலது முதல்ல உடைஞ்சா கொஞ்சம் ஏத்து, இடது உடைஞ்சா குறை, ரெண்டும் ஒண்ணா உடையற இடம்தான் செட்டிங். நிஜப் பள்ளம், நிஜ சுவர், நிஜ ஊசி.

இன்னொண்ணு, தம்பி, அதுக்கு முன்னாடி மெஷின் மட்டமா இருக்கான்னு பிளாட்டர் மேல லெவல் வச்சுப் பாருங்க, ஒரு பக்கம் சாஞ்சிருந்தா ஆர்ம் தானா ஓடும். கவுண்டர்வெயிட் நம்பரை நம்பாம டிஜிட்டல் தராசுல 1.8 வருதா பாருங்க, தராசோட தட்டு ரெக்கார்ட் உயரத்துலயே இருக்கணும். தராசு இரும்பு கலந்ததா இருந்தா கார்ட்ரிட்ஜ் காந்தம் இழுத்து தப்பா காட்டும், டெனான் டிஎல்-103 மாதிரி எம்சி (மூவிங் காயில்) கார்ட்ரிட்ஜ் வச்சிருக்கறவங்களுக்கு இந்தத் தொல்லை நல்லாவே தெரியும். அப்புறம் வேற ரெக்கார்ட் போட்டும் கேளுங்க. முன்னாடி வச்சிருந்தவர் தப்பா ஓட்டி வெளிச்சுவர் ஏற்கனவே அடிபட்டிருந்தா நீங்க எத்தனை திருகினாலும் அந்தக் கரகர போகாது.

பழசு_வாங்கி:
300 ஹெர்ட்ஸ் டோன் எல்லாம் பாட்டுல வர்றதைவிட ரொம்ப சத்தமா வெட்டினது. அதுல ரெண்டு சேனலும் ஒண்ணா உடையற வரைக்கும் ஏத்தினா சாதாரண பாட்டுக்கு ஆன்ட்டி-ஸ்கேட் அதிகமாயிடும், ஏன்னா சத்தமான பள்ளத்துல உராய்வு ஜாஸ்தி. மொட்டைத் தட்டு நிஜமில்லன்னீங்க, உங்க டோன் மட்டும் நிஜமா?

ஊசிமுனை:
கரகரங்கறதே சத்தமான இடத்துலதான சார். அமைதியான இடத்துல எவனுக்குப் பிரச்சனை?

சுத்துதட்டு:
இதுக்கு ரெண்டு பேருமே பதில் சொல்லல பாருங்க, கடைசிப் பாட்டுலதான் வருதுன்னு தம்பி சொன்னாரு. அப்போ கார்ட்ரிட்ஜ் உக்கார்ற கோணத்தையும் பாக்கணுமே. லோஃப்கிரன் 1938லயே இந்தக் கோணக் கணக்கைப் போட்டுட்டாரு, பேர்வால்ட் 1941. ஐஇசிங்கற சர்வதேச தர அமைப்போட அளவை எடுத்தா மையத்துல இருந்து 66 மிமீலயும் 120.9 மிமீலயும் கோணப் பிழை 0. ஸ்டீவன்சன் 1966ல உள் முனையிலயே, 60.3 மிமீல 0 வர்ற மாதிரி வச்சாரு. கடைசிப் பாட்டு முக்கியம்னா ஸ்டீவன்சன் வச்சுப் பாக்கலாம்.

பழசு_வாங்கி:
எம்கே2க்கு கம்பெனியே அளவு கொடுத்திருக்கு. கார்ட்ரிட்ஜ் மாட்டற ஹெட்ஷெல்லோட பின்விளிம்புல இருந்து ஊசி முனைக்கு 52 மிமீ, ஓவர்ஹேங், அதாவது ஊசி தட்டு மையத்தைத் தாண்டி நீள்ற அளவு, 15 மிமீ. அது ஸ்டீவன்சனுக்குப் பக்கத்துலதான் வருது. கம்பெனிக்காரனை விட நமக்குத் தெரியுமா என்ன?

ஊசிமுனை:
ஆன்ட்டி-ஸ்கேட்டுக்கு கம்பெனி என்ன சொல்லுது சார்? ஊசி எடைக்கு சமமா டயலை வைன்னு சொல்லுது. மொட்டைத் தட்டுன்னு கையேட்டுல ஒரு வரி காட்டுங்க. 52 மிமீக்கு மட்டும் கம்பெனி தெய்வம், ஆன்ட்டி-ஸ்கேட்டுக்கு கம்பெனி பொய்யா? ஸ்டீவன்சன் விஷயம் எனக்குப் பிடிக்காது, 60.3 வரைக்கும் பாட்டு வெட்டின எல்பி ரொம்பக் கம்மி, அந்த ஓரத்துக்காக நடுவுல இருக்கிற பாட்டையெல்லாம் கெடுக்கறாங்க. கோணப் பிழைன்னா ரெண்டு சேனல்லயும் கேக்கும், ஒரு பக்கம் மட்டும் வராது. அதனால ஜியோமெட்ரியை இங்க இழுக்காதீங்க.

லென்கோ_காதலன்:
கோணப் பிழை ஒரு பக்கம் வராதுன்னு ஒத்துக்கிட்டீங்க, அப்போ இது ஸ்கேட்டிங்தான், பழசு_வாங்கி சார் சொன்னதுதான் சரி.

ஊசிமுனை:
ஸ்கேட்டிங்னு நானும்தான் சொல்றேன்! ஸ்கேட்டிங் இல்லன்னு நான் எங்க எழுதினேன், எடுத்துக் காட்டுங்க. தட்டுல ஆர்ம் நிக்கணும்கறதைத்தான் மறுக்கறேன். முதல் பதிவுல இருந்து அதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்.

லென்கோ_காதலன்:
சரி விடுங்க. வேற ஒரு சந்தேகம், 50 ஹெர்ட்ஸ் விளக்குல, வேகம் பாக்கறதுக்குன்னு கோடு போட்ட ஸ்ட்ரோப் அட்டை வச்சுப் பாத்தா 33⅓ல கோடு அசையாம நிக்குது, 45ல மெதுவா ஓடுது. போன் ஆப்ல பாத்தா 45 சரியா காட்டுது. எதை நம்பறது?

சுத்துதட்டு:
போனை நம்புங்க. 50 ஹெர்ட்ஸ் விளக்கு நொடிக்கு 100 தடவை மின்னும், 33⅓க்கு 180 கோடுன்னு முழுசா வரும். 45க்கு 133.33 வருது, அட்டைல 133தான் போட முடியும், அதனால கோடு நிக்கிறப்போ மெஷின் நிஜத்துல 45.11ல சுத்தும். 60 ஹெர்ட்ஸ்னா 160ன்னு சுத்தமா வரும். எல்இடி விளக்கு சிலது மின்னவே மின்னாது, அதுல அட்டை வச்சா ஒண்ணும் தெரியாது.

பழசு_வாங்கி:
45.11க்கும் 45க்கும் காதுல வித்தியாசம் கேக்கறவன் இன்னும் பொறக்கல.

ஊசிமுனை:
0.25 சதவீதம் சார், தனியா கேட்டா தெரியாது, பக்கத்துல சுருதிப் பெட்டி வச்சுக் கேட்டா தெரியும். "கண்ணால பாத்தா போதும்"ங்கற அதே பழக்கம்தான் இங்கயும். கோடு நிக்குது அதனால வேகம் சரி, ஆர்ம் நிக்குது அதனால ஆன்ட்டி-ஸ்கேட் சரி.

பழசு_வாங்கி:
என் பழக்கத்தைப் பத்தி பேச நீங்க யாரு? நீங்க பொறக்கறதுக்கு முன்னாடி இருந்து ஆர்ம் கழட்டி மாட்டிட்டு இருக்கேன். என் மெஷின்ல மொட்டைத் தட்டுல ஆர்ம் நிக்குது, எந்த ரெக்கார்ட் போட்டாலும் ரெண்டு பக்கமும் சுத்தமா இருக்கு. வீடியோ போடட்டுமா?

ஊசிமுனை:
ஆர்ம் நிக்கற வீடியோ எதுக்கு, அது நிக்கும்னு எனக்கும் தெரியும். அதே செட்டிங்ல டெஸ்ட் ரெக்கார்ட் 300 ஹெர்ட்ஸ் டிராக்கை ரெக்கார்ட் பண்ணி ரெண்டு சேனலையும் தனித்தனியா போடுங்க, எது முதல்ல உடையுதுன்னு எல்லாரும் கேக்கட்டும்.

புதுஊசி:
டயலை 2.5க்கு ஏத்தினேன். கரகர குறைஞ்சிருக்கு, முழுசா போகல. மொட்டைத் தட்டும் இல்ல, டெஸ்ட் ரெக்கார்டும் இல்ல.

பழசு_வாங்கி:
குறைஞ்சிருச்சுல்ல. ஸ்பிரிங்னு சொன்னேன்ல.

ஊசிமுனை:
முழுசா போகலன்னும்தான் சொல்றாரு, அதைப் படிக்கலையா? மிச்சம் தட்டுல அடிபட்ட சுவராத்தான் இருக்கும். தம்பி, வேற ரெக்கார்ட் போட்டீங்களா இல்லையா? ஊசி எத்தனை மணி நேரம் ஓடினதுன்னும் சொல்லுங்க. சார், நீங்க அந்த ரெக்கார்டிங்கைப் போடுங்க, காத்திருக்கேன்.