மறு: ஏர்லிபிரிண்ட்கே - தமிழில் என்ன சொல்வது?

வணக்கம். குடந்தையில் எங்கள் டிப்ளமோ மாணவர்களுக்கான ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, இந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. லினக்ஸ் துவங்கும்போது, வழக்கமான வெளியீட்டு வழி தயாராகும் முன்பே செய்திகளை வெளியே அனுப்பும் வசதிதான் ஏர்லிபிரிண்ட்கே.

> ‘வைகறை வெளியீடு’ எனலாம். தொல்காப்பியம் மருதத்துக்குத் தந்த பொழுது அது. காவிரிக் கரையில் இருந்துகொண்டு நாமே அதை விடலாமா?

ஐயா, சொல் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் வைகறை பொழுதைச் சொல்கிறது, இங்கே பேச்சு வரிசையைப் பற்றி. லினக்ஸின் மையமான கர்னல் தன் செய்திகளை பிரிண்ட்கே வழியாக எழுதும். அது முதலில் பஃபர் என்ற நினைவகப் பகுதிக்குள் போகும், செய்தியைக் காட்டும் கன்சோல் கர்னலிடம் பதிவான பிறகுதான் வெளியே வரும். அதற்குள் கர்னல் நின்றுவிட்டால், மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வராத கதைதான். ஏர்லிபிரிண்ட்கே அதுவரை காத்திருக்காது. இன்டரப்ட் (சாதனம் தரும் குறுக்கீட்டு அழைப்பு) வேண்டாம், முழு டிரைவர் (சாதனத்தை இயக்கும் நிரல்) வேண்டாம். எழுத்துகளைக் கம்பி வழியே பிட் பிட்டாக அனுப்பும் பிசியின் முதல் சீரியல் போர்ட் வழக்கமாக 3எஃப்8 (ஹெக்ஸ் எண்) முகவரியில் இருக்கும். அதிலிருந்து 5 தள்ளி உள்ள, போர்ட்டின் நிலையைச் சொல்லும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரைப் பார்த்துக்கொண்டே இருந்து, இடம் காலியானதும் அடுத்த எழுத்தைத் தள்ளும். அவ்வளவு எளிமையாக இருப்பதால்தான் அதை நம்ப முடிகிறது. முறையான கன்சோல் வந்ததும் தானே விலகிவிடும், துவக்கக் கட்டளையில் ‘கீப்’ (keep) என்று சேர்த்துச் சொன்னால் ஒழிய.

> ‘முன்பதிவு’ போதுமே?

அது ரயில் டிக்கெட்டோடு ஒட்டிப்போன சொல், வகுப்பில் சிரிப்பார்கள். மன்னார்குடி நண்பர் சொன்ன ‘முந்துபதிவு’ பரவாயில்லை. வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, தயவுசெய்து யாரும் ‘முந்துப்பதிவு’ என்று திருத்த வேண்டாம். ஆனாலும் பதிவு என்றால் எழுதி வைப்பது, இதுவோ கம்பி வழியே வெளியே போவது என்று திருவாரூர் அம்மா கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை. ‘முந்துவெளியீடு’ என்றால் மென்பொருளின் முதல் பதிப்பு என்று நினைப்பார்கள். எனக்கு ‘முந்துசெய்தி’தான் சரி என்று படுகிறது: கர்னல் சொல்வது செய்தி, அது கன்சோலை முந்திக்கொண்டு வருகிறது.

> கட்டளையை எப்படியும் ஆங்கிலத்தில்தானே தட்டப்போகிறார்கள்?

தட்டட்டும். இயந்திரம் ஏன் பேச்சுமூச்சில்லாமல் நின்றது என்று பக்கத்து மாணவனுக்கு விளக்கும்போது தமிழில்தானே பேசுவான், அதற்குச் சொல் வேண்டாமா?

பெரும்பாலோர் ‘முந்துபதிவு’ பக்கம் சாய்ந்துவிட்டீர்கள், வேர்ச்சொல் ஆராய்ச்சி செய்து எல்லாருமே களைத்துவிட்டோம். சரி, கையேட்டில் அதையே போடுகிறேன். என் மறுப்பு அப்படியே இருக்கிறது. திருவாரூர் அம்மாவின் கேள்விக்கு வியாழன் இரவுக்குள் யாராவது பதில் எழுதினால் நல்லது.