புது வீட்டில் அஸ்திவார விரிசல்: பட்டி பார்த்தால் போதுமா?

கோவில்பட்டிக்காரன்: கரிசல் நிலத்தில் வீடு கட்டி, தை மாதம் பால் காய்ச்சினோம். சித்திரையில் வடமேற்கு மூலை ஜன்னலுக்கு அடியிலிருந்து படிக்கட்டு மாதிரி ஒரு விரிசல் இறங்கி, பேஸ்மென்ட் வரை போய்விட்டது. ஒரு ரூபாய் நாணயத்தின் விளிம்பு உள்ளே நுழைகிறது. கான்ட்ராக்டர், "பூச்சு வெடிப்புதான், பட்டி பார்த்துத் தருகிறேன்" என்கிறார். கடன் வாங்கிக் கட்டிய வீடு, ராத்திரி தூக்கம் வரவில்லை.

மேஸ்திரி மகன்: பயப்படாதீங்க அண்ணே. பாரம் ஏறினால் மண் கொஞ்சம் அமுங்கத்தான் செய்யும், அப்புறம் நின்றுவிடும். கீறலை வெட்டி அகலப்படுத்தி, கலவை அடைத்து, வலை வைத்துப் பூசுங்கள். அப்பா இப்படி எத்தனையோ வீடுகளைச் சரிசெய்திருக்கிறார்.

நெல்லை சிவில்: தம்பி, செம்மண்ணுக்கு நீங்கள் சொல்வது சரி, கரிசலுக்கு ஒத்துவராது. பூச்சு வெடிப்பு தலைமுடி கனத்தில் வலை மாதிரி பரவும். செங்கல் இணைப்பு வழியே படி படியாக இறங்கினால் அஸ்திவாரம் அசைகிறது என்று அர்த்தம். ஐப்பசி மழையில் உப்பி, கோடையில் சுருங்குகிற மண் அது. அண்ணாச்சி, வானம் (அஸ்திவாரக் குழி) எத்தனை அடி தோண்டினீர்கள்? பக்கத்தில் மரம் உண்டா?

கோவில்பட்டிக்காரன்: நான்கு அடி. அந்த மூலையிலிருந்து எட்டடியில் பெரிய வேப்பமரம்.

நெல்லை சிவில்: வேம்பு அந்த மூலையின் ஈரத்தைக் குடித்திருக்கும். கரிசலில் ஈரம் ஏறி இறங்கும் ஆழம் நான்கு அடியோடு நிற்காது. அதற்காகத்தான் அண்டர்ரீம்டு பைலை, அதாவது மண்ணுக்குள் இறங்கும் அடி பருத்த கான்கிரீட் தூணை, மூன்றரை மீட்டர் அளவுக்கு இறக்குவார்கள். மரத்தை அவசரப்பட்டு வெட்டிவிடாதீர்கள், ஈரம் திரும்பினால் மண் உப்பி வீட்டைத் தூக்கும். இப்போதைக்கு விரிசலின் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, இரண்டு முனையிலும் சிமெண்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

மேஸ்திரி மகன்: அதுவரை திறந்தே கிடந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி, இருக்கிற மண்ணையும் கெடுக்காதா? வீட்டுக்காரர் பாவம் இல்லையா?

நெல்லை சிவில்: தண்ணீர் விஷயம் நியாயம்தான். வெளிப்பக்கம் ரப்பர் மாதிரி இழுபடுகிற சீலண்ட் பசை அடையுங்கள், சிமெண்ட் வேண்டாம். மழையில் விரிசல் மூட முயலும்போது சிமெண்ட் விடாது, பக்கத்தில் புதிதாக வெடிக்கும். வீட்டைச் சுற்றி வெளிச்சரிவாக நான்கடித் தளம் போடுங்கள்.

மனைக்காரி: கான்ட்ராக்டரிடம் வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கொடுங்கள். ரெரா எனும் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு உள்ள ஐந்து வருடப் பொறுப்பு பில்டரிடம் வாங்கிய வீட்டுக்குத்தான். சொந்த மனையில் கட்டியவர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், கெடு 2 ஆண்டு. தேதி போட்ட படங்கள் கட்டாயம் தேவைப்படும்.

மேஸ்திரி மகன்: சீலண்ட், தளம் இரண்டுக்கும் சரி. பைல் இல்லாமல் கரிசலில் நிற்கிற வீடுகளையும் நான் பார்த்திருக்கிறேன், அதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோவில்பட்டிக்காரன்: மூன்று இடத்தில் கண்ணாடி ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் இன்றைய தேதியும் எழுதிவிட்டேன். கான்ட்ராக்டருக்கான கடிதம் நாளைக் காலை ஸ்பீட் போஸ்டில் போகிறது.