இழை: வென்டிலேட்டர் ‘வீனிங்’, தமிழில் என்ன எழுதுவது?

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:

குழுவினருக்கு வணக்கம். வெள்ளிக்கிழமைக்குள் ஓர் ஒப்புதல் படிவத்தை முடித்துக் கொடுக்க வேண்டும். ஐ.சி.யு.வில் வென்டிலேட்டரில் இருப்பவரால் தானாக மூச்சுவிட முடியுமா என்று எப்படிப் பார்ப்பது என்பதுதான் ஆய்வு. ஒரு பிரிவினரைக் கருவியிலிருந்து கழற்றி, டி வடிவக் குழாயில் ஆக்சிஜன் மட்டும் கொடுத்து இரண்டு மணி நேரம் பார்ப்பார்கள். மற்றவர்களைக் கருவியிலேயே வைத்து, அது லேசாகக் கைகொடுக்க அரை மணி நேரம். நோயாளி மயக்க மருந்தில் இருப்பார். கையெழுத்துப் போடப்போவது மனைவியோ மகனோதான்.

ஆங்கிலத்தில் பக்கத்துக்குப் பக்கம் ‘வீனிங்’, அதாவது கருவியின் துணையிலிருந்து நோயாளியைச் சொந்த மூச்சுக்குக் கொண்டுவருவது. எனக்கு முன் பார்த்தவர் எல்லா இடத்திலும் ‘வென்டிலேட்டர் விலக்கம்’ என்று போட்டிருக்கிறார். உறுத்துகிறது. வென்டிலேட்டரைச் ‘செயற்கை சுவாசக் கருவி’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதிப் பழக்கிவிட்டன, அதைத் தொட வேண்டாம். வீனிங்குக்கு மட்டும் ஒரு சொல் கொடுங்கள்.

புலவர் ஐயா:

தொடாமல் எப்படி அம்மா விடுவது? ‘செயற்கை சுவாசக் கருவி’யில் நடுவில் உட்கார்ந்திருக்கும் சுவாசம் வடசொல். நம்மிடம் மூச்சு இருக்கிறது. பேசு, பேச்சு; வீசு, வீச்சு; அதே வழியில் மூசு, மூச்சு. அப்பர் ‘மூசு வண்டறை பொய்கை’ என்றாரே, அந்த மூசுதல்தான். வண்டு மொய்த்து இரைவதும், நெஞ்சில் காற்று இரைவதும் ஒரே வினை. இரைப்பு நோய்க்காரர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இது புரியும்.

ஆகவே வென்டிலேட்டர் ‘மூச்சூட்டி’. ஊட்டுவது இருந்தால் மறக்கடிப்பதும் இருக்கும். ஆங்கிலச் சொல்லே குழந்தைக்குப் பால் மறக்கடிப்பதுதானே? ஸ்பானிய மருத்துவர்களும் இதற்குத் ‘தெஸ்தேத்தே’ என்று தாய்ப்பால் நிறுத்தும் சொல்லையே வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் வேப்பெண்ணெய் தடவி மறக்கடிக்கவில்லையா? ‘மூச்சூட்டி மறப்பு’ எனலாம். மறப்பு தன்வினை, நோயாளியின் செயல் ஆகிவிடும் என்று யாராவது எழுந்தால், ‘மறப்பிப்பு’ என்று பிறவினையாக்கிக்கொள்ளலாம்.

கோவை உறுப்பினர்:

மூச்சூட்டி என்றால் கொடைக்கானலுக்கு என்ன பெயர் ஐயா?

மதுரை மருத்துவர்:

‘விலக்கம்’ கூடவே கூடாது. எங்கள் வார்டில் ‘கருவியை எடுத்துட்டாங்க’ என்றால் ஒரே பொருள்தான். அந்தக் குடும்பம் ஆம்புலன்சுக்குச் சொல்லிவிட்டு ஊரில் பந்தல் போடச் சொல்லும். தவிர, இனிப் பயனில்லை என்ற நிலையில் உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதை 2018இல் உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு ஏற்றது. 2023இல் நடைமுறையைக் கொஞ்சம் எளிதாக்கியது. அதற்கான படிவங்களும் தமிழில் வரத்தான் போகின்றன, அங்கே ‘விலக்கல்’ தேவைப்படும். பிழைத்து எழுபவருக்கும் பிழைக்கமாட்டார் என்று முடிவானவருக்கும் ஒரே சொல்லை எழுதி, மகனிடம் கையெழுத்துக் கேட்கலாமா?

புலவர் ஐயாவின் மறக்கடித்தல் அழகுதான். ஆனால் ஆராய்ச்சி அதற்கு எதிராகப் போய்விட்டது. முன்பெல்லாம் கருவி கொடுக்கும் மூச்சின் எண்ணிக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே வருவோம், நிஜமாகவே பால் மறக்கடிப்பது போல. 1995இல் எஸ்தெபான் என்ற ஸ்பானிய மருத்துவர் குழு ஒப்பிட்டுப் பார்த்தது. நாளைக்கு ஒருமுறை தானாக மூச்சுவிட வைத்துப் பார்த்து, தாங்கினால் தொண்டையில் வைத்த குழாயை எடுத்துவிடுவது என்ற முறையில், மெல்லக் குறைக்கும் முறையைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு வேகமாக நோயாளிகள் வெளியே வந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு மறக்கடிக்க ஒன்றுமில்லை. அவர்கள் தயாராகி ரொம்ப நேரம் ஆகியிருக்கும், நாம்தான் பார்த்திருக்கமாட்டோம். தெஸ்தேத்தே என்று பேர் வைத்த ஊர்க்காரர்களே அதைச் சாய்த்தும் விட்டார்கள்.

உங்கள் படிவத்தில் உள்ள ஒப்பீட்டையும் ஸ்பெயினில் செய்துவிட்டார்கள். 2019இல் வெளியானது, 1,153 பேர். அரை மணி, கருவியின் லேசான துணையோடு பார்த்த பிரிவில் 82.3 சதவீதம் பேர் வெற்றிகரமாகக் குழாயிலிருந்து வெளிவந்தார்கள். இரண்டு மணி நேர டி குழாய்ப் பிரிவில் 74 சதவீதம். நம்மூர் நோயாளிகளிடமும் அப்படியா என்று பார்ப்பது நியாயம்தான்.

அமெரிக்க வழிகாட்டுதல்கள் 2017 வாக்கிலேயே வீனிங்கை விட்டு ‘லிபரேஷன்’ என்று எழுதத் தொடங்கிவிட்டன. என் வாக்கு ‘விடுவிப்பு’.

அப்புறம், பெயரில் ‘கருவி’ எதற்கு? 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது போதிய கருவிகள் இல்லை. பியோர்ன் இப்சென் என்ற மயக்கவியல் மருத்துவர் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமிக்குத் தொண்டையில் துளையிடச் செய்து குழாய் வைத்து, பையை அமுக்கிக் காற்று கொடுத்துக் காட்டினார். அதன்பின் ஏறக்குறைய 1,500 மருத்துவ மாணவர்கள் முறைபோட்டு இரவும் பகலும் பையை அமுக்கினார்கள். ஐ.சி.யு. என்ற ஏற்பாடே அங்கிருந்துதான் கிளம்பியது. கை, முகமூடி, மூக்கில் வேகமாக ஆக்சிஜன், எல்லாவற்றுக்கும் சேர்த்து ‘மூச்சுத் துணை’ என்றால் போதாதா?

ஐ.சி.யு. செவிலியர்:

டாக்டர் சார், ‘விடுவிப்பு’ என்று எழுதினால் பில் கட்ட ஓடுவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தச் சொல்தான் அச்சாகி வருகிறது. ‘விடுதலை’ இன்னும் மோசம். கிராமத்தில் ‘அவருக்கு விடுதலை கிடைச்சிருச்சு’ என்றால் என்ன என்று உங்களுக்கே தெரியும்.

ஆங்கிலத்திலேயே விட்டுவிடலாம் என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். ‘நாளைக்கு வீன் பண்ணப் போறோம்’ என்று ஒரு சின்ன டாக்டர் சொன்னதைக் கேட்டு, ‘இத்தனை நாள் பார்த்துட்டு எதுக்கு வீண் பண்றீங்க’ என்று ஓர் அம்மா வாசலிலேயே உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன்.

நாங்கள் சொல்வது இதுதான்: ‘காலையில மயக்க மருந்தக் குறைச்சிருக்கோம், சொந்தமா மூச்சு விடுறாரான்னு பார்க்கப் போறோம்.’ பக்கத்திலேயே நிற்போம். மூக்கு விடைக்கிறதா, கழுத்துக் குழி உள்ளே இழுக்கிறதா, நெற்றியில் வேர்க்கிறதா என்று பார்ப்போம். ‘கையை இறுக்கிப் பிடிங்க, இருமுங்க’ என்போம். நல்லா இருமினால் பாதி நிம்மதி. குழாயை எடுத்தபிறகு சளியைத் தானே வெளியே தள்ள வேண்டுமே. இதில் மறப்பது, விடுவிப்பது எல்லாம் எங்கே இருக்கிறது? ‘சொந்த மூச்சு’ என்று எழுதுங்கள், புரியும்.

யாழ்ப்பாண உறுப்பினர்:

‘சொந்த மூச்சு’ எண்டால் எங்கட ஆக்களுக்கும் விளங்கும். தாதிமார் நோயாளியோட கதைக்கிற மொழிதான் முதலில் வேணும். ஆனால் புலவர் ஐயா சுவாசத்தை இப்படித் துரத்தத் தேவையில்லை. சுவாசப்பை, சுவாச நோய் எண்டு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிஞ்ச சொல். எங்கட மானிப்பாயில் அமெரிக்க மிசனறி கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழில் மருத்துவம் படிப்பிச்சவர். அவருடைய நூலுக்கு ‘இரண வைத்தியம்’ எண்டுதான் பேர். வடசொல் வந்ததால் மாணவர் ஒருவரும் ஓடேல்லை.

வேறொரு சந்தேகம். படிவத்தில் ‘எண்டோட்ரக்கியல் டியூப்’ வருமே, அதுக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? மூச்சுக்குழல் எண்டு உறுப்புக்கே பேர் வச்சாச்சு. இனி ‘மூச்சுக்குழல் குழாய்’ எண்டு எழுதுறதோ?

புலவர் ஐயா:

நல்ல கேள்வி. தொல்காப்பியர் பிறப்பியலில் ‘உந்தி முதலா முந்துவளி தோன்றித் தலையினும் மிடற்றினும் நெஞ்சினும் நிலைஇ’ என்கிறார். காற்று நிற்கும் இடம் மிடறு. ‘மிடற்றுக் குழாய்’ என்று வையுங்கள். நீலமிடற்றன் நஞ்சை நிறுத்திய இடமும் அதுவே. சிவனுக்கு அங்கே அடைத்தது, நோயாளிக்கு அங்கே திறக்கிறோம். திருமூலரும் ‘காற்றைப் பிடிக்கும் கணக்கறிவாளர்’ என்று...

ஐ.சி.யு. செவிலியர்:

ஐயா, குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இன்று மிடறு என்றால் ‘ஒரு மிடறு தண்ணீர்’ மட்டும்தான். மிடற்றுக் குழாய் என்று எழுதினால் அது வழியாகக் கஞ்சி ஊற்றலாமா என்று கேட்பார்கள். குழாய் வைத்தவருக்கு வாய்வழியாகச் சொட்டுத் தண்ணீரும் கூடாது. ‘தொண்டை வழியாக நுரையீரலுக்குக் காற்று கொண்டுபோகும் குழாய்’ என்று ஒருமுறை எழுதிவிட்டு, பிறகு ‘மூச்சுக் குழாய்’ என்று போங்கள்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:

அப்படியே வைத்துக்கொள்கிறேன் அக்கா. செயலுக்குத் ‘தன்மூச்சுக்கு மாற்றுதல்’ என்று எழுதலாமா? முன்னால் செய்து பார்ப்பது ‘தன்மூச்சுச் சோதனை’.

மதுரை மருத்துவர்:

முதலாவது சரி, விடுவிப்பை நான் கைவிடுகிறேன். இரண்டாவது ஆகாது. ஆய்வுப் படிவத்தில் ‘சோதனை’ என்று பார்த்தாலே ‘எங்கப்பாவ வச்சு சோதனை பண்றீங்களா’ என்ற கேள்வி வரும்.

கோவை உறுப்பினர்:

வெள்ளோட்டம்! ‘தன்மூச்சு வெள்ளோட்டம்’. தேரை முழுசாக இழுப்பதற்கு முன் ஓட்டிப் பார்ப்பார்களே.

புலவர் ஐயா:

இந்த இழையில் வந்ததிலேயே நல்ல தமிழ். ஊட்டிக் கிண்டலை மன்னித்தேன்.

ஐ.சி.யு. செவிலியர்:

எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் புருஷன் ஐ.சி.யு.வில் கிடக்கும்போது அவருக்கு வெள்ளோட்டம் விடுகிறோம் என்று அந்த அம்மாவிடம் நான் போய்ச் சொல்லமாட்டேன். ‘பரிசோதனை’ என்று போடுங்கள். இரத்தப் பரிசோதனை எடுக்காத வீடு இல்லை, யாரும் பயப்படமாட்டார்கள்.

திருச்சி மொழிபெயர்ப்பாளர்:

‘தன்மூச்சுக்கு மாற்றுதல்’, ‘தன்மூச்சுப் பரிசோதனை’. செயற்கை சுவாசக் கருவி அப்படியே இருக்கிறது. அனுப்பிவிட்டேன். எல்லோருக்கும் நன்றி.

புலவர் ஐயா:

பரி, சோதனை, சுவாசம். மூன்று வடசொல்லை உள்ளே விட்டு ஒரு மூச்சைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். என் மறுப்பைக் குழுவின் சொற்பட்டியலில் குறித்து வையுங்கள். மூச்சூட்டி ஒருநாள் வரும்.

மதுரை மருத்துவர்:

அம்மா, ஏழாம் பக்கத்தில் ‘வீனிங் ஃபெயிலியர்’ இருக்கிறதே, அதைப் பார்த்தீர்களா? ‘தோல்வி’ என்று போட்டால் நோயாளி ஏதோ தேர்வில் தோற்றதுபோல இருக்கிறது. குழாய் எடுத்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது திரும்ப வைக்க நேரும். அது அவர் குற்றமல்ல.

ஐ.சி.யு. செவிலியர்:

நாங்கள் ‘இன்னும் தாங்கலை, ரெண்டு நாள் போகட்டும்’ என்றுதான் சொல்வோம்.

புலவர் ஐயா:

தோல்வியில் இழிவு ஏதுமில்லை. கல், கல்வி, கேள், கேள்வி, தோல், தோல்வி. இந்தத் தோல் என்ற வினையடிக்கும் உடம்பின் தோலுக்கும் உறவு உண்டா என்பதை விரிவாக...

மட்டுறுத்துநர்:

ஐயா, அதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே வாருங்கள்.