புதுப்பிப்பு: உரிமையாளரிடமே வீடு வாங்கினோம், புரோக்கருக்கு என்ன கொடுத்தோம்

பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. போன வாரம் பத்திரப்பதிவு முடிந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு: தாம்பரம் பக்கம் ஒரு புரோக்கர் இரண்டு மாதம் எங்களுக்கு வீடு காட்டினார். கடைசியில் ‘உரிமையாளர் நேரடி விற்பனை’ என்ற பலகையைப் பார்த்து நாங்களே ஒரு வீட்டைப் பேசி முடித்தோம். அவருக்குக் கமிஷன் தர வேண்டுமா என்று கேட்டிருந்தேன்.

சிலர் ஒன்றும் வேண்டாம் என்றீர்கள், சிலர் வழக்கமான 1 சதவீதம் என்றீர்கள். எங்களுக்குச் சரிப்பட்டது மூன்றாவது யோசனை: சதவீதக் கணக்கை விட்டுவிட்டு, அவர் செய்த வேலைக்கு ஒரு தொகை, அதையும் பதிவுக்கு முன்பே பேசிவிடுவது.

காரணம், அந்த வீட்டின் வில்லங்கச் சான்றை (சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரங்களைக் காட்டுவது) புரோக்கரிடம்தான் காட்டினேன். பழைய வங்கி அடமானம் அதில் அப்படியே நின்றது. கடன் அடைந்திருந்தாலும், அடமானம் தீர்ந்ததைக் காட்டும் ரசீது ஆவணம் பதிவாகவில்லை என்று கண்டுபிடித்தது அவர்தான். உரிமையாளர் அதைப் பதிவு செய்து கொடுத்த பிறகே மீதிப் பணம் கொடுத்தோம். எவ்வளவு பெரிய உதவி!

எதிர்பாராதது, புரோக்கர் முதலில் பணம் வாங்க மறுத்துவிட்டார். “நான் காட்டாத வீட்டுக்கு எதுக்கு சார்?” என்றார். “கமிஷன் இல்லண்ணே, அலைஞ்சதுக்கு” என்று சொல்லி, தாம்பூலத் தட்டில் வெற்றிலை பாக்கு, பழத்தோடு 15,000 ரூபாய் வைத்துக் கொடுத்ததும் வாங்கிக்கொண்டார். அப்புறம், பட்டா மாற்றத்துக்கும் கூடவே வருகிறேன் என்று அவராகவே சொல்லியிருக்கிறார்.