சிங்கப்பூரில் வீடு பார்க்கிறீர்களா? வாசலை விடுங்கள், சன்னலைப் பாருங்கள்

போன மாதம் புதிதாக வந்த தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணா, கிழக்கு பார்த்த வாசல், வாடகையும் பரவாயில்லை. எடுத்துவிடலாமா?" படுக்கையறை சன்னல் எந்தப் பக்கம் என்றேன். மேற்கு என்றார். கொஞ்சம் பொறுங்கள் என்றேன்.

நான் அனுபவித்தவன். ஈசூனில் என் முதல் வாடகை வீட்டுக்கும் மேற்குச் சுவர்தான். இரவு எட்டு மணிக்கு அதில் கை வைத்தால், அடுப்பை அணைத்து அரைமணி ஆன தோசைக்கல் போலிருக்கும். மின்விசிறி அந்தச் சூட்டைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். ஏர்கானைப் போட்டால் (இங்கே ஏசி என்று சொல்ல மாட்டார்கள்) அது அறையை விட்டுச் சுவரைக் குளிர வைக்கத்தான் பாதி இரவு உழைக்கும். மாதக் கடைசியில் பியுபி பில் (மின்சாரம், தண்ணீருக்கான பில்) வரும்போது தெரியும்.

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2008 முதல், 2,000 சதுர மீட்டரோ அதற்கு மேலோ தளப்பரப்புள்ள புதுக் கட்டடங்கள் கட்டட, கட்டுமான ஆணையத்தின் தரத்தை எட்ட வேண்டும். குடியிருப்பு என்றால் சுவரும் சன்னலும் உள்ளே விடும் வெப்பத்துக்கு ஒரு கணக்கு உண்டு. ஆர்இடிவி என்பார்கள், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 25 வாட்டைத் தாண்டக் கூடாது. கனடாவில் இருக்கும் என் மச்சான், சுவருக்குள் சூட்டைத் தடுக்கும் பஞ்சு எத்தனை அங்குலம் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பார். அங்கே சூடு வெளியே போகக் கூடாது, இங்கே வெயில் உள்ளே வரக் கூடாது. அதனால் இங்கே கண்ணாடி எவ்வளவு, அதற்கு நிழல் உண்டா என்பதுதான் பெரிய கேள்வி. ஆனால் அந்த விதி கட்டுகிறவருக்கு. நமக்கு வாடகைக்குக் கிடைப்பதோ பெரும்பாலும் அதற்கு முந்தைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அரசு வீடுகள் கட்டும் அமைப்பு) புளோக்குகள்.

வெளிச்சுவரில் ஊர்ப்பக்கம் போலத் தட்டி, பந்தல் என்று இஷ்டத்துக்கு மாட்ட முடியாது. உள்ளே கனமான திரை போடலாம். வீட்டுக்காரர் சம்மதித்தால் கண்ணாடிக்கு வெயில் தடுக்கும் ஃபிலிம் ஒட்டலாம்.

பிறகு நிரந்தரவாசியாகி மறுவிற்பனை வீடு வாங்கியபோது வேறொரு பாடம். மூன்று அறைக்கும் சேர்த்து 'சிஸ்டம் 3' ஏர்கானுக்கு (வெளியே ஒரு பெட்டி, உள்ளே மூன்று) முன்பணம் கட்டிவிட்டேன். மாட்ட வந்தவர் கதவோர மின்சாரப் பெட்டியைத் திறந்து, "அண்ணே, மெயின் 30 ஆம்பியர்தான்" என்றார். வீடு முழுவதற்கும் வரும் மின்சாரத்தின் வரம்பு அது, பழைய வீடுகளில் அப்படித்தான் இருக்கும். 40 ஆக்க வேண்டும், அதை உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் செய்யலாம். கான்டிராக்டர் வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை, அது என் தப்பு. விலை பேசும் முன்பே பெட்டியைத் திறந்து பாருங்கள். புதுப்பிப்பவர் வீவக பட்டியலில் இருக்கிறாரா, சன்னல் மாற்றுபவர் அங்கீகாரம் பெற்றவரா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏர்கான் வாங்கினால் மின்சாரச் சிக்கன லேபிளில் 5 டிக் உள்ளதை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் தினமும் இரவு முழுக்க ஓடும் வீட்டில் அது வீண்போகாது. பழைய ஏர்கான் உள்ள வீட்டுக்கு வாடகைக்குப் போகிறவர்கள் ஒப்பந்தத்தை நிதானமாகப் படியுங்கள்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்வீஸ் உங்கள் செலவு என்று பெரும்பாலும் இருக்கும். எரிச்சலாக இருந்தாலும் செய்யுங்கள். தூசி அடைத்த ஃபில்டரோடு ஓடினால் மின்சாரம்தான் போகும், குளிர் வராது. 25 டிகிரியில் வைத்து விசிறியையும் போடுங்கள், போதும்.

வீடு பார்க்க மாலை ஐந்து மணிக்குப் போங்கள். ஏஜென்ட் காலை பத்து மணிக்குத்தான் வரச் சொல்வார். அந்தத் தம்பி அடம்பிடித்து மாலையில் போய், சுவரைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதே புளோக்கில் எதிர்ப்பக்க வீட்டை ஐம்பது வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கூடக் கொடுத்து எடுத்தார். இப்போது சன்னல் கிழக்கு, வாசல் மேற்கு. ஊரில் அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லையாம்.