குதுர்ரு: எல்லைக்கல்லா, உரிமைக்கல்லா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நில உரிமை போன்றவற்றைப் பொறித்த பாபிலோனியக் கல்லான 'குதுர்ரு'வுக்குத் தமிழில் 'எல்லைக்கல்' என்றே போட்டுவிடலாம் என்று இங்கே வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. ஆங்கிலத்தில் நெடுநாளாக அப்படித்தான் எழுதி வந்தார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1912இல் வெளியிட்ட தொகுப்பின் தலைப்பிலேயே அந்தப் பெயர்தான். ஆனால் அவர்களே இப்போது ஐயப்படும் ஒரு பெயரை நாம் புதிதாக ஏன் எடுத்துக்கொள்ள வேண்டும்?

முதலில் பொருளைப் பார்ப்போம். பாபிலோனை ஆண்ட காசைட்டு மன்னர்கள் காலத்தில் தொடங்கி, அதன் பிறகும் சில நூற்றாண்டுகள் செய்யப்பட்ட கல் இது. பெரும்பாலும் ஒரு மீட்டருக்குள்தான் உயரம். மேலே தெய்வங்களின் சின்னங்கள்: நிலாக் கடவுள் சின்னுக்குப் பிறை, சூரியக் கடவுள் ஷமாஷுக்குக் கதிர்வட்டம், இஷ்தார் தேவிக்கு எட்டுமுனை விண்மீன், பாபிலோனின் தலைமைக் கடவுள் மர்துக்குக்கு மண்வெட்டி, மருத்துவத் தேவி குலாவுக்கு நாய். மிச்சமுள்ள இடத்தில் ஆப்பெழுத்தில் (கியூனிஃபார்ம்) ஓர் ஆவணம்: எந்த நிலம், எவ்வளவு, யாருக்கு, யார் சாட்சி.

இதை வயல் வரப்பில் நட்டார்களா என்றால், கிடைத்த இடம் தெரிந்த கற்களில் பல கோயில்களில் இருந்தவை. கல்லில் உள்ள வாசகமும் தன்னைப் பெரும்பாலும் 'நரூ', அதாவது எழுத்துப் பொறித்த கல், என்றே சொல்கிறது. 'குதுர்ரு' என்பது பாபிலோனியரின் அக்காடிய மொழிச் சொல்; அதற்கு எல்லை என்ற பொருள் உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்ததுதான்.

தமிழில் இந்தக் குழப்பம் இன்னும் மோசமாகும். நம் செப்பேடுகளில் பிடி சூழ்ந்து (பெண் யானையை எல்லை நெடுக நடத்தி), கல்லும் கள்ளியும் நாட்டி எல்லை குறித்தார்கள். சிவன் கோயில் நிலத்துக்குச் சூலம் பொறித்த சூலக்கல், பெருமாள் கோயில் நிலத்துக்குச் சக்கரம் பொறித்த திருவாழிக்கல். அவைதான் எல்லைக்கற்கள். உரிமையைச் சொல்லும் ஆவணம் வேறு. அது செப்பேட்டிலோ கோயில் சுவரிலோ இருக்கும். நாம் பிரித்தே வைத்திருக்கும் இரண்டை ஒரே பெயரால் கலப்பது சரியில்லை. அதுவும் சூலக்கல்லில் சின்னம் இருக்கிறது, குதுர்ருவிலும் இருக்கிறது என்னும்போது, படிப்பவர் இரண்டும் ஒன்றே என்றுதான் நினைப்பார்.

'கொடைக்கல்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. பாரிசின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள, காசைட்டு மன்னர் மெலிஷிபாக்கின் கல்லுக்கு அது அழகாகப் பொருந்தும். மகனுக்கு அவர் நிலம் கொடுத்ததைச் சொல்லும் கல் அது. பாபிலோனின் அண்டை நாடான ஏலாமின் மக்கள் அதைக் கொள்ளையாகத் தங்கள் நகரான சூசாவுக்குக் கொண்டுபோய், பிரெஞ்சு அகழாய்வில் வெளிவந்தது. ஆனால் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் ரித்தி-மர்துக்கின் கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பாபிலோன் மன்னர் முதலாம் நெபுகாத்நேச்சார், கடும் கோடையில் ஏலாம் மீது படையெடுத்தபோது உடன் நின்ற தேர்ப்படைத் தலைவர் இவர். பரிசாக அவருடைய ஊர்களுக்கு வரியும் ஊழியமும் நீக்கப்பட்டன. அங்கே நிலக்கொடை இல்லை; நம் வழக்கில் சொன்னால் இறையிலி. வழக்குத் தீர்ப்பைச் சொல்லும் கற்களும் இருக்கின்றன. ஆகவே எல்லாவற்றையும் தாங்கும் சொல்லாக 'உரிமைக்கல்' என்பதை முன்வைக்கிறேன். 'சாசனக்கல்' தவறில்லை, ஆனால் எந்தச் சாசனத்துக்கும் அது பொருந்திவிடும்.

அப்புறம், இறுதியில் வரும் சாபப் பகுதி. அதற்குப் புதுச்சொல்லே வேண்டாம், நம் சாசனங்களின் முடிவில் அறத்தைக் காக்கச் சொல்லும் பகுதிக்கு 'ஓம்படைக்கிளவி' என்ற பெயர் இருக்கிறது. இந்தக் கல்லை ஆற்றில் எறிபவன், நெருப்பில் இடுபவன், மண்ணில் புதைப்பவன், தான் தப்பிக்க ஒரு செவிடனையோ குருடனையோ ஏவி அகற்றுபவன் என்று ஒவ்வொரு தந்திரத்தையும் எண்ணிப்பார்த்து எழுதியிருக்கிறார்கள். அவன் உடலில் தொழுநோயைச் சின் ஆடைபோல் போர்த்தட்டும், ஆறாத புண்ணைக் குலா தரட்டும் என்று போகிறது. 'கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போகக் கடவான்' என்று படித்தவருக்கு இந்தக் குரல் உடனே பிடிபடும். நம் ஓம்படையில் 'இத்தன்மம் காத்தான் பாதம் என் தலைமேல்' என்று காப்பவரைப் போற்றும் வரியும் உண்டு. குதுர்ருவில் சாபத்தின் கைதான் ஓங்கியிருக்கிறது. அந்த வேறுபாட்டை அடிக்குறிப்பில் சொன்னால் போதும்.

ஆக, முதல் இடத்தில் 'குதுர்ரு என்னும் உரிமைக்கல்', பிறகு வெறும் 'உரிமைக்கல்'. மேலுள்ள உருவங்களைச் 'சின்னம்' என்பதா, 'இலச்சினை' என்பதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. இலச்சினை என்றால் முத்திரை நினைவுக்கு வருகிறது. பாபிலோனில் உருளை முத்திரை தனியாகவே இருக்கிறது. கல்வெட்டு படித்தவர்கள் சொல்லுங்கள்.