பேரேட்டோடு வகுப்புக்கு வந்த டீச்சர்

பணக் கணக்கைப் புரியவைத்த ஆசிரியர்களைப் பற்றி மூன்று பேரின் நினைவுகள்.

பத்தாம் வகுப்பில் எங்களுக்குக் கணக்கு எடுத்த டீச்சர் ஒரு நாள் துணியில் சுற்றிய பழைய பேரேடு ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். ஓரமெல்லாம் பூச்சி அரித்து, மை பழுப்பேறியிருந்தது. வட்டிக்குக் கொடுப்பவர் ஒருவரிடம் அவருடைய தாத்தா கணக்குப்பிள்ளையாக இருந்தாராம். வரிக்கு வரி எதிரே ஒரு கைநாட்டு. "எங்க தாத்தா எழுத்து முத்து முத்தா இருக்கும். ஆனா இதுல ரேகை வச்ச ஒருத்தருக்கும் அதைப் படிக்கத் தெரியாது" என்றார்.

அப்புறம் கரும்பலகையில் ஒரு கணக்கு. கடன் 12,000, வட்டி 10 சதவீதம், ஒரு வருஷம். வட்டி 1,200 சேர்த்து மாதம் 1,100 வீதம் 12 தவணை. "வட்டி எவ்வளவு?" பத்து என்று கத்தினோம். ஒவ்வொருவராக வந்து மாதாமாதம் மிச்சமிருக்கும் அசலை எழுதச் சொன்னார். 11,000, 10,000, 9,000... கடைசித் தவணையின்போது நம்மிடம் பாக்கி இருப்பது வெறும் 1,000. அதற்கும் அதே 100 வட்டி! வருஷம் முழுக்கச் சராசரியாக நம் கையில் இருந்தது 6,500தான். உண்மையான வட்டி கிட்டத்தட்ட 18 சதவீதம். வகுப்பில் ஒரு சத்தம் இல்லை. இன்றைக்கும் யாராவது 'ஃப்ளாட் ரேட்' (அசல் குறைந்தாலும் முழுக் கடனுக்கும் போடுகிற வட்டி) என்றால் எனக்கு அந்தப் பூச்சி அரித்த பக்கம்தான் ஞாபகம் வரும்.

*

எனக்கு வாய்த்தவர் வரலாற்று வாத்தியார். அவர் அப்பா யாருக்கோ ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர். அதனாலோ என்னவோ, எந்தப் பாடம் நடத்தினாலும் கடனில் வந்து நிற்பார். 72-ஐ வட்டி விகிதத்தால் வகுத்தால் பணம் எத்தனை வருஷத்தில் இரட்டிக்கும் என்று தோராயமாகத் தெரியும். 1494-இல் இத்தாலியில் லூக்கா பச்சோலி அச்சேற்றிய கணித நூலிலேயே இது இருக்கிறது என்பார். "சேமிப்புக்கு 6 கிடைச்சா 12 வருஷம். கடனுக்கு 24 கட்டினா 3 வருஷம். யாரு வேகமா ஓடுறாங்கன்னு பாருங்க."

இவ்வளவு கேட்டும் நண்பனுக்காக நான் ஜாமீன் போட்டேன். ஏழு மாதத் தவணை என் தலையில் விழுந்தது. வாத்தியாரிடம் இன்னும் சொல்லவில்லை.

*

எங்கள் டீச்சர் ஒரு மாதச் செலவை நோட்டில் எழுதி வரச் சொன்னார். பரம்பரையாகக் கணக்கு எழுதுகிற வீடாம், அவருக்கு அது சாமி கும்பிடுகிற மாதிரி. எனக்குச் சலிப்பு. கடைசி ராத்திரி உட்கார்ந்து முப்பது நாளையும் ஒரே மூச்சில் இட்டுக்கட்டினேன். கூட்டல் மட்டும் சுத்தமாக இருந்தது.

டீச்சர் நோட்டை ஒரு நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. "எல்லாம் பத்து, இருபது, ஐம்பதுன்னு முழுசு முழுசா இருக்கே. நிஜச் செலவு இப்படி அழகா வராதுப்பா. நாளையிலேர்ந்து எழுது."